உடற்காயம் என்றால் எது: விமான விபத்தும் நஷ்டஈட்டின் வரலாறும்

‘நஷ்டஈடு’ என்ற சொல்லில் பாதி வடமொழி, பாதி தமிழ். ஈடு என்றால் சமம். அடகு என்றும் பொருள் உண்டு. ஒரு கால் போனால் அதற்குச் சமமாக எதை வைப்பது என்ற கேள்வியும், வழக்கு நடத்த எதை அடகு வைப்பது என்ற கேள்வியும் ஒரே சொல்லுக்குள் இருப்பது தற்செயல்தான். ஆனால் விமான விபத்தில் அடிபட்டவர்களுக்கான சட்டத்தின் கதையைப் படிக்கப் படிக்க இந்த இரண்டு பொருளும் மாறி மாறி முன்னால் வந்து நிற்கின்றன.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்தபோது விமானத்திலிருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடங்கள்மேல் விழுந்ததால் தரையில் 19 பேர் இறந்தார்கள். அன்றைக்கே டாடா குழுமம் இறந்தவர் குடும்பத்துக்குத் தலா ஒரு கோடி ரூபாய் என்று அறிவித்துவிட்டது. மறுநாள் அடையாறு டீக்கடைப் பேச்சு இதுதான்: ‘ஒரு கோடி தர்றாங்களாம் சார்.’ தர்றாங்க. இந்த வினைச்சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். தருவது தருகிறவரின் தாராளம். வாங்குபவர் கை நீட்ட வேண்டும், முடிந்தால் நன்றியும் சொல்ல வேண்டும். சட்டப்படி வரவேண்டிய தொகை வேறு கணக்கு. ஆனால் தர்மக் கணக்கு முதல் நாளே தலைப்புச் செய்தியாகிவிடுகிறது, உரிமைக் கணக்கு கோர்ட் தாழ்வாரத்தில் பத்து வருஷம் உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் எப்படி உண்டானது என்பதே என் அக்கறை.

கதை 1929 அக்டோபர் 12ஆம் தேதி வார்சாவில் தொடங்குகிறது. அன்று கையெழுத்தான உடன்படிக்கை ஒரு பேரம். விமானத் தொழில் அப்போது கைக்குழந்தை, ஒரு பெரிய விபத்து வந்தால் கம்பெனியே மூழ்கிவிடும் என்றார்கள். அதனால் பயணிக்கு ஒன்று கொடுத்து ஒன்றைப் பறித்தார்கள். விபத்து நடந்தால் தவறு கம்பெனியுடையது என்றே கருதப்படும், பயணி அதை நிரூபிக்க வேண்டியதில்லை. இது கொடுத்தது. பதிலுக்கு, ஒரு பயணிக்கு 1,25,000 பிராங்குக்கு மேல் கேட்க முடியாது. இது பறித்தது. இந்த பிராங்கு கடைத்தெருவில் புழங்கிய பிராங்கு அல்ல. ஒரு பிராங்கு என்பது 900 மாற்றுள்ள 65.5 மில்லிகிராம் தங்கம் என்று உடன்படிக்கையே வரையறுத்தது. கூட்டிப் பார்த்தால் ஒரு மனித உயிருக்கு உச்சவரம்பு ஏறத்தாழ 7 கிலோ 369 கிராம் சுத்தத் தங்கம். நம் வீட்டுக் கணக்கில் 920 சவரனுக்கு மேல். இன்றைய தங்க விலையில் இதைப் பெருக்கிப் பார்க்கும் யாருக்கும் தலை சுற்றும். அந்தக் காலத்தில் கஞ்சத்தனமான தொகை என்று திட்டு வாங்கியது இது. பிற்காலத்தில் தங்கத்தின் சந்தை விலை ஏறியபோது கோர்ட்டுகள் என்ன செய்தன? பழைய அதிகாரபூர்வ விலையையே பிடித்துக்கொண்டன. 1984இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், சரக்கு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில்தான் என்றாலும், அப்படியே தீர்ப்பளித்தது. தங்கமாக எழுதப்பட்ட வாக்குறுதி காகிதமாகிக் கரைந்தது. குழந்தைத் தொழில் வளர்ந்து ஆளாகி உலகத்தைச் சுற்றி வந்தபிறகும் அதற்குக் கட்டிய தொட்டிலை அவிழ்க்க எழுபது வருஷம் ஆயிற்று.

இந்தப் பேரத்தில் நாமும் சேர்க்கப்பட்டோம், கேட்காமலேயே. 1934இல் காலனிய அரசு வார்சா விதிகளை இந்தியச் சட்டமாக்கியது. சென்னைக்கு விமானம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1910இல் மவுண்ட் ரோடு ஹோட்டல்காரர் தாஞ்செலிஸ் பறந்து காட்டியது வேடிக்கை. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக இங்கே சேர்த்ததுதான் தொழில். 1953இல் விமானக் கம்பெனிகள் தேசியமயமாகின. அதை வரவேற்றவர்களில் நம் முன்னோடிகள் பலர் உண்டு, காரணங்களும் உண்டு. ஆனால் நஷ்டஈட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு விநோதம் நேர்ந்தது. விமானத்தை ஓட்டுவது அரசு. ஒரு உயிருக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று அறிவிக்கை போடுவது அரசு. விபத்துக்கு விசாரணைக் கமிஷன் வைப்பதும் அரசு. தன் கடனுக்குத் தானே வரம்பு கட்டிக்கொள்ளும் வசதி எந்த முதலாளிக்கும் இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில்லை.

1973ஆம் வருஷத்தின் மூன்று மாதங்களைத் தனியாக எடுத்துப் பார்க்கிறேன். 1972ஆம் வருஷத்து விமானவழி ஏற்றிச்செல்லல் சட்டத்தின்கீழ், உள்நாட்டுப் பயணங்களுக்கான விதிகளை மத்திய அரசு 1973 மார்ச் 30 அன்று அறிவிக்கையாக வெளியிட்டது. உள்நாட்டுப் பயணியின் விலை அதன்படி ரூபாயில் நிர்ணயமாயிற்று. அதே 1973 மே மாதம் வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான நிபுணர் குழு இலவச சட்ட உதவி பற்றிய அறிக்கையை அரசிடம் கொடுத்தது. ஏழைக்கு நீதிமன்றத்தின் கதவு திறக்கவேண்டுமானால் என்னவெல்லாம் மாறவேண்டும் என்று சொன்ன அறிக்கை. அதே மே 31ஆம் தேதி சென்னையிலிருந்து டில்லிக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் 440 பாலம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் மோகன் குமாரமங்கலம். பாரிஸ்டர், கம்யூனிஸ்ட், பிறகு சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல், மத்திய உருக்கு அமைச்சர். நீதிபதிகளின் சமூகப் பார்வைதான் முக்கியம் என்று அதற்கு ஒரு மாதம் முன்பு நாடாளுமன்றத்தில் வாதாடியவர். அவர் வாதத்தை ஏற்காதவர்களில் நானும் ஒருவன், அது வேறு சண்டை. வரலாறு குமாரமங்கலத்தை நினைவில் வைத்துக்கொண்டது. உயிரோடு வெளியே வந்த 17 பேரை வைத்துக்கொள்ளவில்லை. எரிந்த தோலோடும் முறிந்த எலும்போடும் அவர்கள் எத்தனை வருஷம் வாழ்ந்தார்கள் என்பதை எந்த விபத்து அறிக்கையும் எழுதாது. விபத்து அறிக்கையின் கதாநாயகன் எப்போதும் இயந்திரம்தான்.

காயம்பட்டவரைப் பற்றி அந்த உள்நாட்டு விதிகள் பேசிய மொழியைக் கவனிக்கவேண்டும். தன் வழக்கமான வேலையை, தொழிலை இனிமேல் செய்யவே முடியாது என்று ஆனால் ஒரு தொகை. தற்காலிகமாகச் செய்யமுடியாமல் போனால் நாளுக்கு இவ்வளவு என்று படி, அதற்கும் ஒரு மேல்வரம்பு. குழந்தை என்றால் தொகை குறைவு. அதாவது சட்டத்தின் கண்ணுக்கு உடம்பு என்பது சம்பாதிக்கிற உடம்பு. வலி, அவமானம், இரவில் தூக்கமின்மை, கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்ட ஒரு பெண்ணின் அறை, இதெல்லாம் கணக்கில் வராத நிலுவை. அந்த உச்சவரம்பு 1998இல் ஏழரை லட்சத்துக்கும் 2014இல் 20 லட்சத்துக்கும் உயர்த்தப்பட்டது. நடுவில் தங்கமும் அரிசியும் எவ்வளவு ஏறின என்று கேட்கவேண்டாம்.

1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விமானம் எரிந்து விழுந்து 95 பேரும் இறந்தார்கள். அதன் எண்ணும் 171தான். தேதி வார்சா உடன்படிக்கையின் தேதி. இதிலெல்லாம் அர்த்தம் தேடுவது ஜோசியம், விட்டுவிடுவோம். தமிழ்நாட்டில் அந்த விபத்து இன்றும் ஞாபகத்தில் இருப்பதற்கு ‘பத்ரகாளி’ நடிகை ராணி சந்திரா காரணம், வேறொன்றுமில்லை.

எனக்கு அதைவிட 1982 ஜூன் விபத்து முக்கியம். கோலாலம்பூரிலிருந்து சென்னை வழியாக பம்பாய்க்குப் போன ஏர் இந்தியா 403, கனமழையில் இறங்கும்போது விழுந்தது. 111 பேரில் 17 பேர் இறந்தார்கள், 94 பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் இத்தனை பேர் உள்ள விபத்தில்தான் சட்டத்தின் முகம் தெரியும். பன்னாட்டுப் பயணமா உள்நாட்டுப் பயணமா என்பதை விமானம் தீர்மானிப்பதில்லை, கையிலுள்ள சீட்டு தீர்மானிக்கிறது. கோலாலம்பூரில் ஏறிய தோட்டத் தொழிலாளியின் மகனுக்கு ஒரு சட்டம். சென்னையில் ஏறி பம்பாயில் இறங்கவிருந்தவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு வேறு சட்டம், வேறு வரம்பு. ஒரே மழை, ஒரே ஓடுபாதை, ஒரே தீ. இரண்டு விதமான கால்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். வார்சா உடன்படிக்கையின் மூலப்பிரதி பிரெஞ்சில் மட்டுமே உண்டு. அதில் மரணம், காயம், இவற்றோடு ‘லெசியோன் கோர்ப்பொரெல்’ என்று ஒரு தொடர். ஆங்கிலத்தில் பாடிலி இன்ஜுரி ஆயிற்று, நாம் உடற்காயம் என்கிறோம். 1983இல் மியாமியிலிருந்து நாசாவ் போன ஒரு விமானத்தின் மூன்று என்ஜின்களும் நின்றன. கடலில் இறங்கப் போகிறோம் என்று பயணிகளிடம் சொல்லிவிட்டார்கள். கடைசி நேரத்தில் ஒரு என்ஜின் உயிர்பெற்றுப் பத்திரமாக இறங்கியது. ஒருவருக்கும் கீறல் இல்லை. செத்துப் பிழைத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் பிரெஞ்சு அகராதிகளையும் பிரெஞ்சுச் சட்ட நூல்களையும் புரட்டி, மனதுக்கு மட்டும் பட்ட அடி அந்தச் சொல்லுக்குள் வராது என்றது. இதற்கு நேர்மாறாக, 1976இல் என்டெபேக்குக் கடத்தப்பட்ட விமானத்தின் பயணிகள் வழக்கில் இஸ்ரேல் உச்சநீதிமன்றம் 1984லேயே மனக்காயமும் அடங்கும் என்று சொல்லியிருந்தது. ஒரே சொல், இரண்டு வாசிப்பு. வாசகனே பிரதியின் அர்த்தத்தை உண்டாக்குகிறான் என்று நம் சிறுபத்திரிகைகளில் வருஷக்கணக்காக எழுதினோமே, அந்த வாசகன் நீதிபதியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1999இல் மான்ட்ரியலில் புது உடன்படிக்கை எழுதியபோதும் அந்தச் சொல்லை மாற்றவில்லை. 2022 அக்டோபரில்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், கடுமையான மனநோய் பாதிப்பு உடற்காயத்துக்குச் சமமான அளவில் இருந்தால் அதையும் ஈடு செய்யவேண்டும் என்றது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவில் மனசு உடம்பில் இருக்கிறதா இல்லையா என்பது இன்னும் தீரவில்லை. பேயடித்த மாதிரி ஆயிட்டான் என்று நம் ஊரில் சொல்வார்கள். அடித்தது என்பதிலேயே காயம் இருக்கிறது. தமிழ் இந்தப் பிரிவினையை ஏற்றதேயில்லை.

சொல்லின் எல்லை போலவே இடத்தின் எல்லையும். விமானத்துக்குள், அல்லது ஏறும்போதும் இறங்கும்போதும் நடப்பதற்குத்தான் உடன்படிக்கை பொறுப்பேற்கும். 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு மீனம்பாக்கம் பன்னாட்டு முனையத்தில் குண்டு வெடித்து 33 பேர் இறந்தார்கள். கொழும்பு விமானத்துக்கென்று கொண்டுவரப்பட்ட பெட்டிகள் இங்கேயே வெடித்தன. இறந்தவர்களில் பலர் இலங்கையர்கள். ஈழ அரசியல் பேசும் நம் கட்டுரைகளில் இந்த இரவு அநேகமாக வருவதில்லை, வந்தாலும் அடிக்குறிப்பாக. சட்டத்திலும் அதே கதிதான். 1973இல் ஏதென்ஸ் விமான நிலையத்தில் சோதனைக்கு வரிசையில் நின்றபோது தாக்கப்பட்டவர்கள் ஏறிக்கொண்டிருந்தவர்கள் என்று ஒரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1972இல் டெல் அவிவ் லோட் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தபோது சுடப்பட்டவர்கள் இறங்கிமுடித்தவர்கள் என்று இன்னொன்று சொன்னது. மீனம்பாக்கத்தில் அடுத்த விமானத்துக்காகத் தூங்கிக்கொண்டிருந்தவர் ஏறிக்கொண்டிருந்தாரா இறங்கிமுடித்திருந்தாரா? அங்கே வேலையில் இருந்தவர் இரண்டுமில்லை. அவருக்கு 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் மட்டும்தான். ஒரே வெடி, ஒரே கூடம். மறுபடியும் ஆளுக்கொரு சட்டம்.

மங்களூர் விபத்து 2010 மே 22. துபாயிலிருந்து வந்தவர்கள். 166 பேரில் 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். பெரும்பாலோர் வளைகுடாவில் கூலிக்கும் சின்னச் சம்பளத்துக்கும் இருந்தவர்கள், லீவுக்கு ஊர் வந்தவர்கள். இந்தியா மான்ட்ரியல் உடன்படிக்கைக்குள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதன்படி ஒரு லட்சம் எஸ்.டி.ஆர். வரை, அன்றைய மதிப்பில் 75 லட்ச ரூபாய் அளவுக்கு, கம்பெனி ‘என் தப்பில்லை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2011 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி இதை எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்சத் தொகையாக வாசித்தார். யாராக இருந்தாலும், சம்பளம் எதுவானாலும் அவ்வளவு. சில வாரங்களில் டிவிஷன் பெஞ்ச் அந்த வாசிப்பைத் தள்ளியது. அது குறைந்தபட்சம் இல்லை, நிரூபித்த நஷ்டம் எவ்வளவோ அவ்வளவு என்றது. நிரூபிப்பது எப்படி? சம்பளச் சீட்டு. வளைகுடாவில் மேஸ்திரி கையில் திர்ஹம் வாங்கியவனுக்குச் சம்பளச் சீட்டு யார் கொடுத்தது? அதே விபத்தில் இறந்த ஒரு பன்னாட்டுக் கம்பெனி அதிகாரியின் குடும்பத்துக்கு 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றம் 7.64 கோடி வழங்கியது. அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்ததில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. அவர்களும் பத்து வருஷம் அலைந்துதான் வாங்கினார்கள். ஆனால் அந்தத் தனி நீதிபதியின் வாசிப்பில், செத்தபிறகாவது எல்லோரும் சமம் என்று ஒரு கணம் தெரிந்தது. அது சில வாரங்களில் மறைந்துவிட்டது.

வக்கீல் விஷயத்துக்கு வருவோம். ‘வக்கீல் வெச்சு கேஸ் போட்றதுதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஜெயித்தால் பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்று வக்கீல் வழக்கை எடுக்கலாம். அதனால் பிணத்தைச் சுற்றும் கழுகு மாதிரி வருகிறார்கள் என்று அங்கேயே சட்டம் போட்டு, விபத்து நடந்து 45 நாளுக்குக் குடும்பங்களை அணுகக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். மங்களூருக்கும் அகமதாபாத்துக்கும் வெளிநாட்டு வக்கீல்கள் வந்தார்கள். இங்கே பார் கவுன்சில் விதிப்படி பங்குக்கு வழக்கு நடத்தவும் கூடாது, ஆள் பிடிக்கவும் கூடாது. ஒழுக்கமான விதி. ஆனால் விளைவு என்ன? கையில் காசில்லாதவனுக்காகத் தன் காசைப் போட்டுப் பத்து வருஷம் காத்திருக்க இங்கே யாருக்கும் காரணமில்லை. இதோடு கோர்ட் கட்டணம். தமிழ்நாட்டில் கேட்கிற தொகையில் ஏழரை சதவீதம் என்று இருந்தது, 2017இல் 3 சதவீதமாகக் குறைந்தது. ஒரு கோடி கேட்டுச் சிவில் வழக்குப் போட இன்றும் 3 லட்சம் கட்டவேண்டும். சர்தார் படேல் சாலையில் பஸ் மோதி அடிபட்டவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருக்கென்று மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது, ஐகோர்ட் வளாகத்து ஸ்மால் காசஸ் கோர்ட்டில், பெயரளவுக் கட்டணத்தில். விமானத்தில் அடிபட்டவருக்கு அப்படி ஒரு தீர்ப்பாயமே கிடையாது. விமானத்தில் போகிறவன் பணக்காரன் என்ற பழைய நினைப்பு அப்படியே நிற்கிறது. சென்னையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானத்தில் ஒருதடவை ஏறிப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும்.

வழியே இல்லையென்று சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் தோழர்களில் வக்கீல்கள் பலர் இருப்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கிருஷ்ணய்யர் அறிக்கையின் விதை 1987ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டமாக முளைத்து 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆவது பிரிவில் இலவச சட்ட உதவிக்கு உரியவர் பட்டியலில் பெருவிபத்தால் பாதிக்கப்பட்டவர் என்று ஒரு வகை தனியாக உண்டு, வருமான வரம்பு அதற்கு இல்லை. பெண் என்பதாலேயே பெண்ணுக்குத் தகுதி உண்டு, விதவைகளும் தாய்மார்களும் அதிலேயே வந்துவிடுவார்கள். கோர்ட் கட்டணமும் ஆணையத்தின் பொறுப்பு. அதே சட்டத்தில் 2002இல் சேர்த்த நிரந்தர மக்கள் நீதிமன்றம் விமானப் போக்குவரத்தையும் பொதுப்பயன்பாட்டுச் சேவை என்கிறது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டம் இன்னொரு கதவு. எந்த ஆணையத்துக்குப் போவது என்பதை இப்போது கேட்கும் தொகை தீர்மானிப்பதில்லை, கொடுத்த டிக்கெட் விலை தீர்மானிக்கிறது. ஆகவே கோடி கேட்டாலும் தான் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே போடலாம், டில்லிக்கு அலையவேண்டாம். ஆனால் மான்ட்ரியல் உடன்படிக்கையின் 35ஆவது பிரிவை மறந்துவிடக்கூடாது. இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமையே அணைந்துபோகும். அகமதாபாத் குடும்பங்களுக்கு அந்தக் கெடு 2027 ஜூன். துக்கம் தீர்வதற்கு முன்னால் கெடு தீர்ந்துவிடும், இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். முதல் மாதத்திலேயே வருகிற காகிதத்தில் ‘முழுத் தீர்வு’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருந்தாலே பாதி சட்ட உதவி கிடைத்த மாதிரி.

இவ்வளவும் பயணிக்கு. தரையில் இருப்பவருக்கு இதில் ஒன்றுகூடப் பொருந்தாது. கடல் பக்கமிருந்து மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் அடையாறு, கோட்டூர்புரம் வட்டாரத்துக்கு மேலாகத்தான் தாழ வருகின்றன. அதே ஆற்றின்மேல் பாலம் கட்டித்தான் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையை நீட்டினார்கள். 2015 வெள்ளத்தில் ஆறு ஓடுபாதைக்குள் வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசைகளைக் காலி செய்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள், மிச்சம் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தலைக்குமேல் போகும் விமானத்தோடு அவர்களுக்கு ஒப்பந்தம் எதுவுமில்லை. டிக்கெட் இல்லாததால் நுகர்வோர் இல்லை, பயணி இல்லாததால் மான்ட்ரியல் இல்லை, சாலை இல்லாததால் தீர்ப்பாயம் இல்லை. 2000 ஜூலையில் பாட்னாவில் அரசுக் குடியிருப்பின்மேல் விமானம் விழுந்தபோது வீட்டுக்குள் இருந்த 5 பேர் செத்தார்கள். அகமதாபாத் விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாணவர்களும் இந்த வகைதான். இவர்களுடைய குடும்பங்கள் சிவில் கோர்ட்டுக்குப் போனால் கையில் எடுக்கவேண்டிய சட்டம் 1855ஆம் வருஷத்து உயிரிழப்பு விபத்துச் சட்டம். தவறை நிரூபிக்கும் சுமை வழக்குப் போடுபவர் தலையில், கெடு இரண்டு வருஷம். நியாயமான உயரத்தில் பறந்தால் மட்டும் அத்துமீறல் என்று வழக்குப் போட முடியாது என்று 1934ஆம் வருஷத்து விமானச் சட்டம் கம்பெனிக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு கொடுத்திருந்தது. கீழே இருப்பவனுக்கு என்று அதில் ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை. 12ஆவது பிரிவின் ‘பெருவிபத்தால் பாதிக்கப்பட்டவர்’ என்ற வகையில் பயணி என்ற நிபந்தனை கிடையாது. தரையிலிருந்தவரின் குடும்பத்துக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது இது ஒன்றுதான். ஐகோர்ட் வளாகத்தில் வட கோட்டைச் சாலையிலுள்ள மாநில ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம், தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.